கூலிங் கிளாஸ் போட்ட கொக்கு

கழுத்தில் அடையாள அட்டையும் கையில் அளவுநாடாவுமாக அந்த அம்மாள் உள்ளே நுழைந்ததுமே, கல்லாவில் இருந்தவள் சட்டென்று எழுந்து நின்றாள்.

"'செங்கொக்கு உணவகம்' தலைமை ஆபீஸ்லேர்ந்து வரேன். நம்ம சின்னத்தைச் சரியா போட்டிருக்கீங்களான்னு பார்க்கணும். எங்க கடைப் பட்டியலை நம்பினா வேலைக்கு ஆகாது. அதான், தெருவுல கொக்கு தெரிஞ்சா நுழைஞ்சிடறது!"

"தாராளமா பாருங்க மேடம்," என்று சிரித்தவள், அடுத்த நொடி சமையலறைக்குள் பாய்ந்து கொழுந்தனைப் பிடித்தாள்.

"தம்பி, வாசல்ல நிக்கற உன் ஸ்கூட்டரைப் பின்பக்கம் தள்ளிட்டுப் போய் மூடு!"

"ஏன் அண்ணி? நம்ம கொக்குதானே ஒட்டியிருக்கேன்?"

"அதுக்குக் கூலிங் கிளாஸ் வேற மாட்டியிருக்கியே! அந்தம்மா பார்த்தா போர்டையே கழட்டிடுவாங்க. வீட்டை வித்து வச்ச கடைடா!"

அவள் திரும்பி வந்தபோது அந்த அம்மாள் நாற்காலிமேல் ஏறிப் பெயர்ப்பலகையை அளந்துகொண்டிருந்தாள். கொக்கு இடப்பக்கம் பார்க்க வேண்டும், பார்த்தது. சுற்றிலும் கொக்கின் அலகு நீளத்துக்கு வேறெதுவும் இருக்கக் கூடாது. ஓர் ஈ கூட இல்லை. வண்ண அட்டையை வைத்துச் சிவப்பை ஒப்பிட்டாள். அச்சு அசல். தட்டு, கோப்பை, பரிமாறுகிறவர்களின் சட்டை, எங்கும் குண்டுமணி அளவு குறை இல்லை.

"விருது கிருது குடுப்பாங்க போலிருக்குடி," என்று காதைக் கடித்தான் கணவன்.

ஆனால் அளக்க அளக்க அந்த அம்மாளின் முகம் இறுகிக்கொண்டே போனது.

"இதெல்லாம் யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"கம்பெனி விதிமுறைப் புத்தகம்தான் மேடம். தொண்ணூத்தி நாலு பக்கமும் மனப்பாடம். எதை வேணா கேளுங்க!" அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த அம்மாள் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். "பதினஞ்சு வருஷமா கடை கடையா ஏறி இறங்கறேன். ஒரு கடையில கொக்குக்கு மீசை. இன்னொண்ணுல தொப்பி. ஒருத்தர் வரைஞ்சிருக்கறது கொக்கா வாத்தான்னு அவருக்கே தெரியாது. நம்மகிட்ட லைசென்ஸ் வாங்கின ஒரு முதலாளியாவது அந்தப் புத்தகத்தைப் பிரிச்சு நான் பார்த்ததில்லம்மா."

கணவன் மெல்லச் சமையலறைப் பக்கம் நகர்ந்தான்.

"எங்க, உங்க லைசென்ஸை எடுங்க, பார்ப்போம்."

பழைய பேப்பர் கடையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்த புத்தகத்தை வாங்கி வந்து, வரிக்கு வரி படித்து, கம்பெனிக்கே தெரியாமல் கடை திறந்தவள், கொழுந்தனின் ஸ்கூட்டரை மட்டும் வாசலிலேயே விட்டிருந்தால் தப்பித்திருப்பாள்.