இரண்டில் ஒன்று

மருத்துவமனை வாசலுக்கு அருந்ததி செருப்பைக் கால் மாற்றிப் போட்டபடி வந்தாள். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. வாட்டில் கட்டில் தந்து மறிப்பார்கள் என்று மாற்றுச் சேலையும் துவாயும் சோப்பும் வைத்துக் கொண்டுபோன பை, அவிழ்க்காமல் அப்படியே கையில் இருந்தது.

ஓட்டோவுக்குள் சாய்ந்துகிடந்த வாகீசன் இறங்கினான்.

"என்ன, மறிக்கேல்லையோ?"

"இல்லை. வீட்டை போகட்டாம்."

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. மறிக்காமல் அனுப்பினால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். அவளுடைய தம்பியையும் இப்படித்தான் அனுப்பினார்கள். இதே ஓட்டோவில்தான் வட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோனான். பதினெட்டாம் நாள் சுடலை.

"முதலிலை செருப்பை மாத்திப் போடும். விழுந்து கிழுந்து போனீர் எண்டால் என்ரை மனிசி என்னைத்தான் திண்டுபோடுவாள்."

மாற்றிப் போட்டுக்கொண்டு ஏறினாள். முன் கண்ணாடியில் 'வினோஜா, நிருஷன்' என்று அவனுடைய பிள்ளைகளின் பெயர்கள் ஒட்டியிருந்தன. உள்ளேயிருந்து பார்க்க எழுத்துகள் இடம் வலமாகத் தெரிந்தன. முப்பது வருஷம் தோட்டங்களில் கூலிக்கு வெங்காயம் கிண்டிய கைகளை மடியில் போட்டுக்கொண்டு, அருந்ததி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன புதுச் சோதனை?" பேச்சில்லாமல் இருக்கப் பொறுக்காமல் வாகீசன் கேட்டான்.

"அக்காவின்ரை மகள் கீர்த்திகாவுக்குக் கனடாவிலை பரம்பரைப் பழுது ஒண்டு கண்டுபிடிச்சவை எல்லோ, அதுதான். ஒவ்வொரு கலத்துக்குள்ளையும் நூல் சுருண்டு கிடக்குமாம். எவ்விடத்தை அவிழ்க்கிறது, எவ்விடத்தைச் சுத்தி மூடுறது எண்டு பார்க்க ஒரு மரபணு இருக்குதாம்."

"தோட்டத்திலை தண்ணி மாறுற ஆள் மாதிரியோ? இந்தப் பாத்திக்கு வெட்டு, அந்தப் பாத்தியைக் கட்டு எண்டு?"

"அதேதான். அந்த ஆள் படுத்திட்டால் கலம் நிப்பாட்டத் தெரியாமல் வளருமாம். எங்கடை ஆக்களுக்குக் கட்டி வந்தது அப்பிடித்தானாம்."

"இதை டொக்டருக்கு நீர் படிப்பிச்சிருக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை.

"அம்மாவிட்டை அது ரெண்டு இருந்ததாம். ஒண்டு நல்லது, ஒண்டு பழுது. பிள்ளைக்கு ரெண்டிலை ஒண்டுதான் போகுமாம். அக்காவுக்குப் பழுது போயிட்டுது. தம்பிக்கும் அதுதான்." பையை மடிக்கு இழுத்தாள். "எனக்கு..."

"விடும், அருந்ததி. சொல்ல வேண்டாம்."

மானிப்பாய் தாண்டியதும் ஓட்டோவை ஓரத்தில் நிறுத்தினான். திரும்பவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே கதைத்தான்.

"அக்காவுக்குக் கட்டி எண்டு தெரிஞ்ச கிழமைதான் நான் உம்மை வந்து கேட்டன். 'எனக்குப் பிறக்கிறதுகளும் சாகும், போய் வேறை ஆரையும் கட்டுங்கோ' எண்டு கலைச்சுவிட்டீர். வெறும் சாட்டு எண்டுதான் நினைச்சன். கனகாலம் உம்மிலை எனக்குக் கோவம்."

அருந்ததி பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்குத்தான் விளங்குது. அண்டைக்கு நீர் ஓமெண்டிருந்தால், நாளைக்கு என்ரை வினோஜாவும் அந்த ஆஸ்பத்திரி வாசலிலை வந்து நிண்டிருப்பாள். நீர் செய்ததுதான் சரி. என்ரை பிள்ளையள் சுகமா இருக்கிறது உம்மாலைதான்."

தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தான். ஐம்பத்தாறு வயது ஆள், நாலுபேர் போகிற தெருவில்.

அவள் வாயைத் திறந்தாள். கண்ணாடியில் இருந்த இரண்டு பெயர்களையும் ஒருமுறை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"ஓட்டோவை எடுங்கோ, வெயில் ஏறுது."

வீட்டுப் படலையடியில் இறக்கிவிட்டு, "அடுப்பு மூட்ட வேண்டாம், மனிசி சோறு கொண்டுவருவாள்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஓட்டோச் சத்தம் ஒழுங்கை முடியுமட்டும் கேட்டது. பிறகு கிணற்றடியில் ஒரு காகம்.

வீட்டுக்குள் இருக்க ஒரு கதிரை. ஒரு கோப்பை. சுவரில் அம்மா, அக்கா, தம்பி என்று மாலை போட்ட மூன்று படங்கள். பக்கத்தில் வெறும் ஆணி ஒன்று. தம்பியின் படத்துக்கு அடித்த அன்றைக்கே, தன் படத்துக்கு யார் வந்து அடிக்கப்போகிறார்கள் என்று அவளே அடித்துவைத்தது.

கைபேசி அடித்தது. கனடாவில் சாமம் தாண்டியும் கீர்த்திகா விழித்திருந்தாள்.

"சின்னம்மா, என்னவாம்? உங்களுக்குமோ?" அழுகை இப்பவோ அப்பவோ என்று இருந்தது.

அருந்ததி அந்த ஆணியை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"எனக்கு அந்தப் பழுது பிறக்கேக்கையே இல்லையாம், பிள்ளை. வாகீசனுக்கு மட்டும் சொல்லிப்போடாதை."