ரசமட்டத்துக் குமிழி

தகர ஷெட்டு வர்றதுக்கு முன்னால தரையை மட்டம் பாக்க, கொத்தனார் ரசமட்டத்தை வச்சார். உள்ள இருந்த குமிழி குடுகுடுன்னு கிழக்கு மூலைக்கு ஓடிச்சு.

"மட்டமில்ல. டீ குடிச்சிட்டு வந்து மம்பட்டியைப் போடுறேன்"னு கெளம்பினார்.

கிழக்கு மூலைக்கு அடியிலதான் எறும்பு வீடு.

"குமிழி இங்க ஓடுதுன்னா நம்ம பக்கம்தான் பள்ளம். மம்பட்டி வர்றதுக்குள்ள மண்ணைக் கொட்டுங்கடி"ன்னு ராணி எறும்பு பறந்துச்சு. கொட்டக் கொட்ட, குமிழி இன்னும் கிழக்கால ஒட்டிக்கிச்சு.

"யக்கா, நான் தண்ணியில்ல, காத்து. மேட்டுப் பக்கம்தான் ஓடுவேன்"னு குமிழி சிரிச்சிச்சு.

"மொதல்லயே சொல்றதுக்கென்ன, காத்தடைச்ச பயலே?"

எறும்புங்க மண்ணை மேற்கால தூக்கிட்டு ஓடிச்சுங்க. கொத்தனார் திரும்பி வந்தப்போ குமிழி நட்டநடுவுல குந்தியிருந்துச்சு. மம்பட்டியை ஓரமா சாத்திட்டு, "ஷெட்டை இறக்குங்கப்பா"ன்னார்.

அடியில ராணி சொல்லிச்சு: "வீட்டுக்குத் தகரம் போடுறாங்கடி. ஆறு காலையும் கழுவிட்டு வாங்க, பால் காய்ச்சணும்."