எதிர்க்கட்சி பேசவில்லை

எதிர்க்கட்சித் தலைவர் விலைபோய்விட்டார் என்று ஊரே பேசிக்கொண்டது.

பின்னே? குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தெருத்தெருவாக வாந்தியும் பேதியும். ஆஸ்பத்திரியில் படுக்க இடமில்லை. கிடைத்த மைக்கை லேசில் விடாத அந்த மனிதர் இந்தத் தடவை வாயே திறக்கவில்லை.

நகராட்சித் தலைவிதான் பேசினார். தொட்டியில் குளோரின் கலக்க ஆபரேட்டர் மறந்துவிட்டார், அவரை சஸ்பெண்ட் செய்தாயிற்று, எல்லாரும் குணமானதும் பொதுக்கூட்டம் நடக்கும் என்று நிருபர்களிடம் சொன்னார்.

அதோடு ஆபரேட்டர் வீட்டுப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர் மனைவி தையல்காரி. தைக்கக் கொடுத்த துணியைக்கூடத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

எல்லாரும் குணமாகி வீடு திரும்பிய பிறகு, வருத்தம் தெரிவிக்க அந்தப் பொதுக்கூட்டம். தலைவியின் உதவியாளர் பார்த்துப் பார்த்து உரை எழுதியிருந்தார். ‘துரதிர்ஷ்டவசமாகத் தவறு நேர்ந்துவிட்டது. யாருக்கேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறேன்.’ யாருக்கும் வலிக்காது, கைதட்டல் நிச்சயம் என்றார்.

தலைவி மேடை ஏறினார். உட்கார இடமில்லாமல் ஜனங்கள் சுவரோரம் நின்றார்கள். ஆனால் கடைசி வரிசை மட்டும் காலி. அதன் நடுவில் ஆபரேட்டரும் அவர் மனைவியும்.

முதல் வரியைத் தாண்டத் தலைவியால் முடியவில்லை. காகிதத்தை மடித்தார்.

“குளோரின் தீரப்போகுதுன்னு ஆபரேட்டர் எனக்கு முன்னாடியே போன் பண்ணிச் சொன்னார். அப்புறம் பார்க்கலாம்னு நான்தான் விட்டுட்டேன். அது தெரிஞ்சும் பழியை அவர் மேல போட்டேன். அவர்கிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்புக் கேட்கறேன். நாளைக்கே அவர் வேலைக்கு வரலாம். என்னை என்ன செய்யறதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க.”

சுவரோரம் நின்றிருந்த ஒரு பெண் போய் ஆபரேட்டர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பின்னால் இன்னும் சிலர். வரிசை நிறைந்தது.

இப்போதாவது பேசுங்கள் என்று கட்சிக்காரர்கள் எதிர்க்கட்சித் தலைவரை முழங்கையால் இடித்தார்கள். அவர் அசையவில்லை.

கூட்டம் கலைந்ததும் தலைவி ஆபரேட்டரைத் தேடிப் போனார். அவரோ எதிர்க்கட்சித் தலைவரின் கைகளைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கி நின்றார். வாய் ஓயாமல் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்களுக்காக ஒரு வார்த்தைகூடப் பேசாதவருக்கு எதற்கு நன்றி என்று தலைவி கேட்டே விட்டார்.

“உங்களுக்காகவும் சேர்த்துத்தாம்மா இவருக்கு நன்றி. நடந்ததை அன்னைக்கே இவர்கிட்ட சொல்லிட்டேன். ‘நான் சொன்னா அரசியல்னு தள்ளிடுவாங்க, உங்க மேல பாதிச் சந்தேகம் அப்படியே நிக்கும். தலைவி வாயால வந்தாத்தான் முழுசாப் போகும். கூட்டம் வரைக்கும் பொறுங்க, அங்கயும் அவங்க சொல்லலேன்னா நான் எழுந்து பேசறேன். ஆனா எனக்கு அந்த வேலை இருக்காது, அவங்களே சொல்லிடுவாங்க’ன்னார்.”