கேக்குக்கு ஒரு தராசு

“இது சரிப்படாது அண்ணாச்சி. வேற காட்டுங்க.”

வளன் ஐந்தாவது தராசையும் தள்ளி வைத்ததும் ஆக்னஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்படிக்கு ஒரு தராசு வாங்க வந்த இடத்தில், அவள் வீட்டுக்காரர் என்னவோ கப்பலையே விலைபேசுகிற மாதிரி நிற்கிறார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தக் கெத்து இன்னும் இறங்கவில்லை.

பாத்திரக்கடை வெள்ளத்துரை அண்ணாச்சி பொறுமைசாலி. “என்ன குறைன்னு சொன்னா நானும் தெரிஞ்சுக்கிடுவேன்லா?”

வளன் சட்டைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை எடுத்துத் தராசில் வைத்தார். மூன்று கிராம் காட்டியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். இரண்டு என்றது. இன்னொரு தடவை வைத்தார். நான்கு என்றது.

“ஒரே மிட்டாய். தடவைக்கு ஒரு பேச்சு பேசுது. இத எப்படி நம்புறது?”

“முத்தா நிறுக்கப் போறீங்க? தங்கச்சி கேக்கு பண்ணத்தான கேட்டாங்க. ரெண்டு கிராம் மைதா கூடிப்போச்சுன்னா கேக்கு கோவிச்சுக்கிடுமா?”

கடையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆக்னஸும் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

கேக்கு என்பதே அவள் சொன்ன பொய்.

தை மாதம் வந்த காய்ச்சல், போகும்போது அவள் நாக்கின் ருசியையும் கூடவே கொண்டு போய்விட்டது. குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தால் வெறும் வெந்நீர் மாதிரி இருக்கிறது. உப்பும் தெரியவில்லை, புளியும் தெரியவில்லை. ஆக்னஸ் மீன்குழம்பு வைத்தால் தெருவே கிண்ணத்தோடு வரும். அப்பேர்ப்பட்டவள் போய், எனக்கு ருசி தெரியவில்லை என்று யாரிடமாவது சொல்லுவாளா? கட்டின புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை.

கைப்பழக்கத்தில் அள்ளிப் போட்டுச் சமாளித்தாள். மகள் ஸ்டெபிக்குச் சென்னையில் வேலை. வீட்டில் சாப்பிடுகிற ஆள் வளன் மட்டும்தான். அவர் முதல் வாய் வைக்கும்போது முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மனிதர் மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “நல்லாருக்கு” என்று எழுந்து போவார். அவளுக்கு அப்பாடா என்றிருக்கும்.

ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஸ்டெபியைப் பேசி முடிக்கக் கீழவைப்பாரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். “உங்க கையால மீன்குழம்பு சாப்பிடத்தான் வாரோம்” என்று மாப்பிள்ளையின் அம்மா போனிலேயே சொல்லிவிட்டாள். கைப்பழக்கத்தை நம்பி அவர்களுக்கு இலை போட முடியுமா? கரண்டியால் அளக்கலாமென்றால் கல்லுப்பு ஒரு தடவை பெருங்கல்லாக வருகிறது, ஒரு தடவை குருணையாக வருகிறது. எடை பார்த்துப் போடுவதுதான் வழி. இத்தனை கிலோ மீனுக்கு இத்தனை கிராம் உப்பு என்று போனில் வீடியோ பார்த்து மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள்.

தனியாகத்தான் கிளம்பினாள். “நானும் வாரேன்” என்று வண்டியை எடுத்தவரை என்ன சொல்லித் தடுக்க?

“ஏங்க, இதுல ஏதாவது ஒண்ண எடுங்க. கேக்குக்குத்தான?” என்று மெல்லச் சொன்னாள்.

“நீ சும்மா இரு ஏளா.”

மிட்டாயைப் பல்லால் பாதியாகக் கடித்தார். அரை மிட்டாயை ஆறாவது தராசில் வைத்தார். அது எதுவுமே நடக்காத மாதிரி சைபரில் நின்றது.

“பாத்தீங்களா அண்ணாச்சி? இதுக்குச் சுரணையே இல்ல.”

தன் நாக்கையே சொல்லிவிட்ட மாதிரி ஆக்னஸுக்குச் சுருக்கென்றது. வாங்காமலே கிளம்பிவிடுவாரோ என்று அழுகை முட்டியது.

வெள்ளத்துரை அண்ணாச்சி கீழ்த்தட்டில் குனிந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டித் தராசை எடுத்து வைத்தார். “நாட்டு மருந்துக் கடைக்காரங்க வாங்கிட்டுப் போறது. ஒரு கிராமுல பத்துல ஒரு பங்குகூட காட்டும். ஆனா அரைக்கிலோவுக்கு மேல தாங்காது.”

அரை மிட்டாயை வைத்து, எடுத்து, வைத்து, எடுத்துப் பார்த்தார் வளன். அது சொன்ன சொல்லை மாற்றவில்லை.

“இதக் கட்டிருங்க.”

ஆக்னஸ் மனதுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னாள். ஆனால் சொன்ன பொய்யையும் காப்பாற்றியாக வேண்டுமே! கடை வாசலில் வண்டிப் பக்கம் வந்ததும் சிடுசிடுத்தாள்.

“இதுல எங்கன மைதாவக் கொட்ட? ரெண்டு கை அள்ளிப் போட்டாலே சிந்திரும். ஊரெல்லாம் சிரிக்க நின்னு, கடைசில இதையா வாங்கணும்?”

வளன் பையை வண்டியில் மாட்டினார்.

“மீன்குழம்புல மைதாவா போடப் போற? உப்பு நிறுக்க இது போதும்லா.”

ஏறப்போன ஆக்னஸ் காலைக் கீழே வைத்தாள்.

“உங்களுக்கு... எப்ப தெரியும்?”

“காய்ச்சல் விட்டு நீ வச்ச முதல் குழம்புலயே தெரியும்.”

“பின்ன எதுக்கு தினமும் நல்லாருக்குன்னு சொன்னீங்க?”

“என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா நான் வேற என்னத்தச் சொல்ல? விருந்து முடியட்டும். திங்கக்கிழமை டாக்டரப் போயிப் பாப்போம்.”

வண்டியைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“ஏறு ஏளா. குழம்பு ஒரு நாள் கடல்தண்ணி, ஒரு நாள் நல்லதண்ணின்னு எனக்குப் பழகிப்போச்சு. பாவம், சம்பந்தியம்மாவுக்குப் பழக்கம் இருக்காதுல்லா?”