ஊதா ரப்பர் புழு

ஏரிக்குப் போன என் கணவன் வெர்லன் சாயங்காலம் சிரித்த முகத்தோடு திரும்பினான்.

“எத்தனை பாஸ் மீன் மாட்டுச்சு?” என்று சோளரொட்டியைப் பரிமாறியபடி கேட்டேன்.

“அஞ்சு! வழக்கம்போல எல்லாத்தையும் தண்ணியிலயே விட்டுட்டேன்.”

“கூட யாரு வந்தா?”

“யாருமில்ல. படகுல நான் மட்டும்தான்.”

“எந்தப் புழு போட்டே?”

“ஊதா ரப்பர் புழு. கலங்கல் தண்ணிக்கு அதான் சரி. தூண்டில் முள்ளோட முனையைப் புழு உடம்புக்குள்ளயே மறைச்சுக் கோத்துட்டா பாசியில சிக்காது, டார்லா. கடிக்கிற வரைக்கும் மீனுக்குச் சந்தேகமே வராது.”

“கெட்டிக்காரன்தான். எந்த முள்ளுல கோத்தே?” என்று கேட்டுக்கொண்டே, நேற்றே அவன் பெட்டியிலிருந்து ஒன்றுவிடாமல் எடுத்து ஒளித்து வைத்திருந்த தூண்டில் முட்களை அவன் தட்டில் கொட்டினேன்.