புத்தகம் சொல்கிறவர்

கடைசிப் பாட்டுக்கும் ஆசீர்வாதத்துக்கும் நடுவில் அவர் எழுந்து மைக்குக்குப் போனார்.

சபையில் பாதிப் பேர் கைப்பையை மூடத் தொடங்கினார்கள்.

அவருக்கு அங்கே 'அஞ்சு நிமிஷம்' என்றுதான் பெயர். "ஒரு அஞ்சு நிமிஷம்" என்று ஆரம்பித்தால் பத்துக்குக் குறையாது. அச்சகத்தில் பிழை திருத்திப் பிழைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறு தவறாமல், படிக்க வேண்டியது என்று ஒன்றிரண்டு புத்தகங்களைச் சொல்வார். வாரம் முழுக்க அதற்காகவே படிப்பார். வெள்ளிக்கிழமை அடுப்படியில் நின்று ஒருமுறை சத்தமாகச் சொல்லியும் பார்த்துக்கொள்வார்.

இந்த வாரம் முதலில் ஒரு போதகரின் மனைவி எழுதியது. பிள்ளையைப் பறிகொடுத்த பின் வெகுநாள் ஜெபிக்கவே முடியாமல் இருந்ததை ஒளிக்காமல் எழுதியிருக்கிறாள். அடுத்தது தேனீ வளர்க்கிற ஒருவர் எழுதியது. அதில் கடவுள் பேச்சே கிடையாது.

"ஆனா ராணி செத்துப்போன கூட்டுல மத்த தேனீங்க போடற சத்தத்தைப் பத்தி ஒரு அத்தியாயம் இருக்கு. அதைப் படிச்ச அன்னிக்கு என்னால வேற எதுவும் படிக்க முடியல."

யாரோ இருமினார்கள். முன்வரிசையில் ஒரு குழந்தை வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது.

அவர் அவர்களைப் பார்க்கவில்லை. என்றைக்குமே பார்ப்பதில்லை. தலைகளுக்கு மேலே, பின்சுவரில், ஆராதனையை நேரலையாக அனுப்பும் கேமராவைப் பார்த்தே பேசுவார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. முடிக்கும்போது ஒரு சிரிப்பும் உண்டு. அதுவும் கேமராவுக்குத்தான்.

பெரிய நடிகர்னு நினைப்பு என்று பாடகர் குழுவில் ஒரு கேலி உண்டு. வீட்டில் பேச ஆளில்லை, பாவம் என்று அதற்கு ஒரு சமாதானமும் உண்டு.

ஆராதனை முடிந்ததும் செயலாளர் அவர் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. கமிட்டில முடிவாயிடுச்சு. அடுத்த வாரத்துலேர்ந்து புத்தகத்தோட பேரை அறிவிப்புப் பலகைல எழுதிப் போட்டுடலாம். வேணுங்கறவங்க பாத்துக்குவாங்க."

மறுத்துப் பேசுகிற ஆள் இல்லை அவர். அன்று பேசினார். நேரத்தைக் குறைத்துக்கொள்கிறேன் என்றார். ஒரே ஒரு புத்தகம் போதும் என்றார். பேசக்கூட வேண்டாம், புத்தகத்தைக் கையில் தூக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன் என்றார். குரல் இறங்கிக்கொண்டே போனது.

செயலாளர் தரையைப் பார்த்தார். இந்த வயதிலும் மேடை ஆசை விடவில்லையே என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் நழுவினார்.

மத்தியானம் பெரியவர் பஸ் பிடித்து முதியோர் காப்பகத்துக்குப் போனார்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் தூங்கப் போயிருந்தார்கள். கூடத்து டிவி அணைந்திருந்தது. அதற்கு நேர் எதிரே, நீள நாற்காலியில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார, மரியாதையாக ஒதுங்கி இடம் விட்டாள்.

"ஏங்க" என்றாள்.

கல்யாணமான நாள் முதல் அவரை அவள் அப்படித்தான் கூப்பிட்டாள். முன்பின் தெரியாதவரிடம் வழி கேட்கும்போதும் அப்படித்தான் கூப்பிடுவோம். போன வருஷத்திலிருந்து அவளுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது.

"நீங்க புத்தகம் படிப்பீங்களா?"

"படிப்பேன்."

"காலைல டிவில ஒருத்தர் வர்றார். சர்ச்லேர்ந்து. நல்ல நல்ல புத்தகமாப் பாத்துச் சொல்றார். இன்னிக்குத் தேனீ." யாரும் கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மத்தவங்க எங்கேயோ பாத்துப் பேசறாங்க. அவர் மட்டும் என்னையே பாத்துப் பேசறார். கடைசில சிரிக்கக்கூடச் சிரிக்கறார்."

நர்ஸ் சொல்லி அவர் அறிந்ததுதான். அவள் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை.

"நல்ல மனுஷனா இருப்பார் போல" என்றார்.

"வீட்டுல கொடுத்துவச்சவங்க" என்றாள் அவள்.

கொஞ்ச நேரம் இருவரும் அணைந்த டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவள் அவர் பக்கம் திரும்பினாள். தனியாக வந்திருக்கிறாரே என்ற பரிவு அவள் முகத்தில் இருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல வாங்களேன். சேர்ந்து உக்காந்து பாக்கலாம். அவர் கட்டாயம் வருவார்."

இனி அந்த நேரத்தில் அவர் வேறெங்கும் போய் நிற்க வேண்டியதில்லை.

வருகிறேன் என்றார்.