இன்னாசிராஜ் நினைவுக் கோப்பை

"ஏங்க, கத்தரீனாள் அக்கா அங்கதான் வாராக. மூஞ்சியே சரியில்ல" என்று மனைவி நிமி போனில் சொன்னதும் சுருளிவேல் பாதையை எட்டிப் பார்த்தான். 'கடைசி செட், நம்ம எஸ்டேட் டீம் பத்துக்கு ஏழு என்று பின்தங்கியிருக்கிறது' என்று அப்போதுதான் மைக்கில் அறிவித்திருந்தான். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள் நாலுக்கும் கேட்கிற ஸ்பீக்கர் அது.

கம்பம்மெட்டுக்கு மேலே உள்ள அந்த ஏலக்காய்த் தோட்டத்தில், டீமின் பேர்போன ஆட்டக்காரர் இன்னாசிராஜ் செத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் அவர் பெயரில் வாலிபால் போட்டி, ஆளுயரக் கோப்பை, அதைவிட உயரமாக அவர் சிரிக்கும் பிளெக்ஸ். அவர் மனைவி கத்தரீனாளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். பூனைக்கு மணி கட்டத்தான் ஆள் கிடைக்கவில்லை.

புருஷனை அடக்கம் செய்த அன்று கல்லறையிலேயே வைத்து அவள் கேட்டுவிட்டாள். "ஜெயிச்சாலும் ஊத்திக் குடுத்தீக, தோத்தாலும் ஊத்திக் குடுத்தீக. இப்பத் தூக்கிட்டும் வந்துட்டீக!"

ஊற்றிக் கொடுத்ததில் பாதி சுருளிவேலின் கை. இன்னாசிராஜின் ஈரல் கெட்டதில் தனக்கும் பங்கு உண்டு என்று அவனுக்குத் தெரியும். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்தப் போட்டிக்கே ஓடாய் உழைத்திருந்தான்.

"பிளெக்ஸக் கிழிச்சிருவாகளோ?" என்றான், பக்கத்தில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த வேதமுத்துவிடம்.

"அண்ணன் இருக்கும்போதே விடாதவுக. எந்த மேட்ச்ல சும்மா இருந்தாக? கோட்டோரமா நின்னு, கைய நீட்டி நீட்டி அந்த ஏச்சு ஏசுவாகல்ல! நம்ம கூச்சல்ல என்ன ஏசுதாகன்னுதான் கேக்காது."

"அந்த ஏச்சுக்குப் பயந்துதான அண்ணன் ஒழுங்கா ஆடுனாரு?"

"பின்ன? மறையூர் பைனல் அன்னைக்கு மதினி பிரசவத்துக்குப் போயிட்டாக. பயம் விட்டுப்போச்சு. தண்ணியப் போட்டுட்டு வந்து, போட்ட பந்து பூராவும் எதிராளி கையிலயே குடுத்தாரு."

இருவரும் சிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசருக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு ஆட ஓடியவர், ரெஃபரியைச் சாலை வரைக்கும் துரத்தியவர். ஆனால் அவர் சர்வீஸ் போட்டால் பந்து ஆளில்லாத இடம் பார்த்து விழும். அந்த ஒன்றுக்காக அவர் செய்த எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்கள்.

கத்தரீனாள் வந்தேவிட்டாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி நேராக பிளெக்ஸிடம் போய் அண்ணாந்து பார்த்தாள். ஆடுகிறவர்களைத் தவிர அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

சுருளிவேல் மைக்கை வைத்துவிட்டு ஓடினான்.

"மதினி, கேக்காம வச்சது தப்புதான். அண்ணனுக்கு ஊத்திக் குடுத்ததும் தப்புதான். கழட்டச் சொன்னா கழட்டிருதேன். இந்த ஒரு மேட்ச் மட்டும் முடிஞ்சிரட்டும், உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன்."

அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவனை விலக்கிக்கொண்டு கோட்டோரம் போய் நின்றாள்.

ஸ்கோர் எதிரணிக்குப் பதிமூன்று, எஸ்டேட் டீமுக்குப் பதினொன்று. இன்னாசிராஜ் இடத்தில் இப்போது ஆடுகிற ரிஜின் சர்வீஸ் போடப் பந்தைக் கையில் எடுத்தான். கத்தரீனாள் கையை நீட்டிக் கத்தினாள். கூட்டம் அடங்கிக் கிடந்ததால் இந்த முறை எல்லோருக்கும் தெளிவாகவே கேட்டது.

"எலேய் ரிஜினு, எடது பக்கம் பின்மூல காலியாக் கெடக்கு. அங்க போடுலே!"

ரிஜின் போட்டான். பந்து விழுந்த இடத்தில் எதிரணி ஆள் ஒருவனும் இல்லை.

சுருளிவேல் திரும்பி அவளைப் பார்த்தான். கத்தரீனாள் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"உங்கண்ணனும் நான் சொன்ன எடத்துலதான் போடுவாக."